மிதக்கேல்லை, தொங்குது

எங்கள் அலுவலகத்தில் ஒரு காலம் இந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே எல்லோரும் தலையில் கையை வைப்போம். பாடுபட்டு ஒரு வேலையை முடித்து, அப்பாடா என்று கதிரையில் சாய்கிற நேரம் பார்த்து எங்களோடு வேலை செய்தவள் ஒருத்தி பின்னால் வந்து நிற்பாள். தேத்தண்ணிக் கோப்பை கையில் இருக்கும். திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு செத்தவீடு சொல்ல வந்தவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "இது மிதக்கேல்லை. தொங்குது" என்பாள். அன்றைய நாள் அவ்வளவுதான்.

மானிப்பாயில், பழைய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். செய்கிற வேலையைச் சொன்னால் சனம் சிரிக்கும். வெளிநாட்டு விளம்பரங்களுக்குக் கணினியில் தண்ணீர் செய்கிறோம். சோடா, பால், பழரசம், குளம், கடல், எது கேட்டாலும் செய்வோம். என் மாமியாருக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. "கிணத்திலை கிடக்கிற தண்ணியை விட்டிட்டு உதென்ன தண்ணி பிள்ளை?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். எங்கோ ஒருவன் குடிக்கிற சோடாவில் ஒரு தேசிக்காய்த் துண்டு (எலுமிச்சைதான்) வடிவாக மிதக்கவேண்டும் என்பதற்காக இங்கே நாங்கள் நாலைந்து பேர் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தோம். நான் இன்னும் கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடுப்பும் சேர்ந்து போய்விட்டது. அவள்தான் இப்போது வேலைக்கு வருவதில்லை.

கணினியில் தண்ணீர் என்று நாங்கள் சொல்வது உண்மையில் எண்ணிக்கையில்லாத சின்னப் புள்ளிகள். ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு அவை ஓடும். அதற்குள் ஒரு தேசிக்காய்த் துண்டைப் போட்டால் அது தேசிக்காய் என்று கணினிக்குத் தெரியாது. எவ்வளவு பாரம், எவ்வளவு பெரிது, தண்ணீர் எதுவரை வந்து முட்டலாம் என்று ஒவ்வொன்றையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும். பாரத்தைக் கூட்டிச் சொன்னால் நேரே அடிக்குப் போய்விடும். குறைத்துச் சொன்னால் வெருண்ட கோழி மாதிரி எழும்பிப் பறக்கும். எல்லாம் சரியாகச் சொன்ன பிறகும் சிலவேளை தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன இடைவெளி விட்டு நிற்கும். ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. அந்தத் தோல் தடித்துப்போனால் தண்ணீர் அதில் முட்டித் திரும்பிவிடும், பொருளில் முட்டாது. பார்க்கிறவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஏதோ பொய் என்று மட்டும் மனம் சொல்லும். அவளுக்கு அது எந்த இடத்தில் என்று உடனே தெரிந்துவிடும்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிசன், அவசரக்காரன். "கிளையன்ற் ஓகே சொல்லிப்போட்டான். பிறகென்ன பிள்ளை?" என்பார்.

"கிளையன்ற் ஓகே சொல்லலாம் அண்ணை. தண்ணி சொல்லேல்லையே" என்பாள் அவள்.

அவள் தொண்டைமானாற்றுக்காரி. தகப்பன் உயிரோடிருந்த காலம் கடலுக்குப் போனவர். அவளை வேலைக்கு எடுத்தபோது அண்ணை அதைப் பெரிய சங்கதியாக எல்லோருக்கும் சொன்னார். கடற்கரைப் பிள்ளை, தண்ணீரைக் கண்டு வளர்ந்தவள், இனி எங்களுக்குக் கவலையில்லை என்றார். அவள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பாவின்ரை வள்ளத்திலை நான் ஒருநாளும் ஏறினதில்லை. பொம்பிளையள் ஏறக்கூடாதெண்டு அவர் விடமாட்டார். எனக்குத் தெரிஞ்ச தண்ணி முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கிற தண்ணிதான். அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதையும், பாவம், ஆசையா இருக்கிறார்."

நான் உடுப்பிட்டி. இரண்டு பேரும் ஒரே பஸ்சில் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மானிப்பாய்க்கு வருவோம். வந்து சேரும்போதே பாதிச் சீவன் போயிருக்கும். நான் யன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவேன். அவள் மூடமாட்டாள். ஒருநாள் என்னைத் தட்டி எழுப்பி, சாரதிக்கு முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்தைக் காட்டினாள்.

"அந்த மயிலைப் பாரும். கால் நிலத்திலை முட்டேல்லை."

"விசரே உமக்கு? முருகனையும் விடமாட்டீரோ?"

"முருகன் சரியாத்தான் இருக்கிறார். நான் மயிலைத்தான் சொல்லுறன்."

அன்றைக்குப் போன நித்திரை எனக்குத் திரும்பி வரவில்லை. வழி முழுக்க அந்த மயிலின் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். மெய்தான், முட்டவில்லை.

படத்தில் மட்டும் பார்த்தாலாவது பரவாயில்லை. ஆட்கள் கதைக்கிற கதையிலும் பார்ப்பாள். ஒருமுறை என் புருசன் சமைக்கிற குசினிக் கூரையைத் திருத்தித் தருவதாகச் சொன்னதைப் பெருமையாக அவளிடம் சொன்னேன்.

"எப்ப எண்டு சொன்னவரோ?" என்று கேட்டாள்.

"மழைக்கு முன்னம்."

"எந்த மழைக்கு?"

நான் மாதங்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அவள் சாப்பாட்டுப் பார்சலை விரித்துக்கொண்டு, "அப்ப தொங்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுக்க அவளோடு கதைக்கவில்லை. அந்தக் கூரை இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. மழை பெய்கிற நாட்களில் அண்டாவை வைத்துவிட்டு அவளை நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து தருகிற ஒரு அம்மா இருந்தார். மகன் லண்டனில். அவர் ஒருநாள் மகளின் கலியாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தார். எங்கள் ஊர்களில் இது வழக்கம்தானே. கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ வரமுடியாத பிள்ளையைப் படப்பிடிப்புக் கடைக்காரன் வேறொரு படத்திலிருந்து வெட்டியெடுத்துக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவான். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுச் சுவரில் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். அந்தப் படத்திலும் மகன் கோட்டுப் போட்டுக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் நின்றான். "என்ரை குடும்பம் முழுக்க ஒண்டா நிக்குது பாருங்கோ" என்று அந்த அம்மா ஒவ்வொரு மேசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். கடவுளே, இவள் வாயைத் திறக்கக்கூடாது.

திறந்தாள். "தம்பியின்ரை கால் நிலத்திலை முட்டேல்லை அம்மா."

அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"உமக்கு நாக்கிலை சனி. பாத்தம், வடிவா இருக்கெண்டு சொன்னம் எண்டு விட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்று கத்தினேன்.

"காட்டினவ. பாத்தனான். பாக்காத மாதிரி எப்பிடி நிக்கிறது?" என்றாள். அவளுக்கும் முகம் சுருங்கிப்போயிருந்தது.

அடுத்த நாள் அந்த அம்மா வந்தபோது அவளே கீழே இறங்கிப் போய்க் கெஞ்சிப் படத்தை வாங்கி வந்தாள். சாப்பிடாமல் இருந்து வேலை செய்தாள். அந்த மகனின் சப்பாத்துக்குக் கீழே நிழல் வைத்தாள். தாயின் சேலைக்கரை அவன் காலில் லேசாகப் பட்டுக்கொண்டு நிற்கிற மாதிரிச் செய்தாள். புதிதாக அச்சடித்துக் கொடுத்தபோது அந்த அம்மா மகனின் சப்பாத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இப்பத்தான் என்ரை பிள்ளை வந்து நிக்கிறான்" என்று சொல்லி அழுதார். அவள் திரும்பித் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு எழுத்து முடிந்திருந்தது. இதை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை சுவிஸ். விடுமுறையில் வந்து நின்ற கொஞ்ச நாளுக்குள் சம்பந்தம் பேசி, பதிவுகாரரை வீட்டுக்கு அழைத்துக் கையெழுத்து வைத்தார்கள். அதுதான் எழுத்து. கடுதாசியில் அன்றைக்கே பெண்சாதி புருசன். ஆனால் தாலி கட்டும்வரை பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளையோடு தனியே கடற்கரைக்குப் போனாலும் ஊர் கதைக்கும். அவன் சுவிசுக்குப் போய் அவளைக் கூப்பிட அலுவல் பார்க்கவேண்டும், சரிவந்ததும் வந்து ஊர் ஆற்றங்கரையில் இருக்கிற சந்நிதி முருகன் கோயிலில் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது ஏற்பாடு. அலுவல் பார்க்கிறேன் என்றவன் வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனில்லாத வீடு, ஒரே பிள்ளை. தாய் அந்தத் தாலியைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டினவள் என்றும் சொல்ல முடியாமல், கட்டாதவள் என்றும் சொல்ல முடியாமல் அவள் பஸ்சில் வந்து போய்க்கொண்டிருந்தாள்.

மத்தியானம் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், அங்கே விடிந்துகொண்டிருக்கும். அவன் வேலைக்குப் போகமுதல் வீடியோவில் எடுப்பான். தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் சாப்பிடுவாள். மரியாதையான பிள்ளைதான். என்னைக் கண்டால், "தங்கச்சி, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய யன்னல், வெள்ளைத் திரைச்சீலை, ஒரு பூச்சாடி, தூரத்தில் மலை. "நல்ல வீடு எடுத்து வைச்சிருக்கிறார்" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னோம். எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. என் ஒழுகுகிற குசினிக்கு அந்தத் திரைச்சீலையில் பாதி இருந்தாலே காணும்.

ஒருநாள் அவன் எதையோ எடுக்கக் குனிந்தான். குனிந்தபோது ஒரு காது திரைச்சீலைக்குள் கரைந்து போய்த் திரும்பி வந்தது. அவன் தோளின் ஒரு பக்கம் காணாமல் போயிற்று. பக்கத்து மேசைப் பிள்ளை, "லைன் சரியில்லை" என்றாள். நான் அவளைத்தான் பார்த்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. தேசிக்காய்த் துண்டைப் பார்க்கிற அதே பார்வை.

பஸ்சில் கேட்டேன். "என்ன பாத்தனீர்?"

"ஒண்டுமில்லை."

"எனக்குக் கண் இல்லையோ? அது வீடில்லை. படம். பின்னாலை படத்தைப் போட்டிட்டுக் கதைக்கிறார்."

"சும்மா இரும்."

"மயிலின்ரை காலைப் பாத்தனீர். ஊரிலை உள்ள எல்லாற்றை காலையும் பாத்தனீர். உம்மடை மாப்பிள்ளை கதிரையிலை இருக்கிறாரோ அந்தரத்திலை இருக்கிறாரோ எண்டு கேக்கமாட்டீரோ?"

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பெட்டிக்குள்ளை இருக்கிற தண்ணியெண்டா நிப்பாட்டித் திருப்பி ஓட விடலாம். நான் கேட்டு, அவர் உண்மையைச் சொல்லிப்போட்டா, பிறகு அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றாள்.

அதன் பிறகு எத்தனையோ மாதம் அவள் அந்த யன்னலைப் பார்த்தபடியே சோறு சாப்பிட்டாள். எங்கள் மேசைகளுக்குப் பின்னால் வந்து நிற்பது குறைந்துபோயிற்று. மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு அது நிம்மதியாக இல்லை.

அந்த நேரம்தான் வள்ள வேலை வந்தது. ஏதோ ஒரு நாட்டுச் சுற்றுலா விளம்பரம். விடியற்காலைக் குளம், நடுவில் ஆளில்லாத ஒரு பழைய மரவள்ளம், அவ்வளவுதான் காட்சி. லேசான வேலை என்று அண்ணை தானே தொடங்கி, பாதியில் எங்கள் தலையில் போட்டார். வள்ளம் தொங்கியது. இந்த முறை அதைச் சொல்ல அவள் தேவைப்படவில்லை, என் மாமியாரே கண்டுபிடித்திருப்பார். அலை மேலே வரும்போது வள்ளத்தை நனைக்கும், கீழே போகும்போது வள்ளம் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

வழக்கமான வைத்தியம் எல்லாம் பார்த்தோம். பாரத்தைக் கூட்டினோம். தோலை மெல்லியதாக்கினோம். அளவு பிழையோ, மீற்றரில் இருக்கவேண்டியது சென்ரிமீற்றரில் கிடக்கிறதோ என்று தேடினோம். தண்ணீர்ப் புள்ளிகளை இன்னும் சின்னதாக்கினோம். ஒன்றை மாற்றினால் கணினி நாள் முழுக்கக் கணக்குப் போடும். முடிகிற தறுவாயில் கரண்ட் போகும், வெண்ணெய் திரண்டு வர தாழி உடைந்த கதைதான். எனக்கு அந்த வள்ளத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. "கோதாரி விழுந்த வள்ளம். உதை அடிச்சு நொருக்கிப்போட்டுக் குளத்தை மட்டும் அனுப்புவம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வள்ளத்தைத் தண்ணீரிலிருந்து தனியே பிரித்தெடுத்து, அதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"அண்ணை, இதை ஆர் கட்டினது?"

அண்ணை வந்து பார்த்தார். வள்ளம் கட்டப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டு, இந்த இடத்தை விட்டு அசையாதே, இந்த உயரத்துக்குக் கீழே இறங்காதே என்று. "ஓ... அது முதல் நாள் நான்தான் போட்டனான். விட்டவுடனை படத்தை விட்டு வெளியிலை போகப் பாத்தது. மறந்துபோனன்" என்றார்.

அவள் கட்டை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். வள்ளம் தொப்பென்று விழுந்தது. தண்ணீர் விலகி, திரும்பி வந்து, விளிம்புவரை ஏறியது. இரண்டு ஆட்டம் ஆடி அமர்ந்தது. முதல் தடவையாக அது வள்ளமாகத் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து படத்தை விட்டு வெளியே போய்விட்டது. குளம் மட்டும் மிச்சம்.

"ஐயோ, போகுதே!" என்றார் அண்ணை.

"மிதக்கிறதெண்டா போகத்தான் செய்யும் அண்ணை."

"பிள்ளை, எனக்கு அது நிக்கவேணும்."

"நிக்கவேணுமெண்டா கட்டுவம். ஆனா கயிறு தெரியவேணும். கயிறில்லாமல் கட்டி வைச்சால் அது பொய்தானே."

வள்ளத்தின் முனையில் ஒரு கயிறு செய்து கட்டி, மறுபக்கத்தைக் குளக்கரை மரத்தில் முடிந்தாள். அனுப்பினோம். கயிறுதான் நல்லாயிருக்கிறது என்று கிளையன்ற் எழுதினானாம். அண்ணைக்குப் பெரிய சந்தோசம், எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

அந்த ரோல்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுடைய அழைப்பு வந்தது. அவள் போனைப் போத்தலில் சாய்த்தாள். நான் வழக்கம்போல் பக்கத்தில் இருந்தேன். பனி கொட்டுகிறது, குளிர் தாங்கமுடியவில்லை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பின்னாலை இருக்கிற படத்தை எடுத்திட்டுக் கதையுங்கோ" என்றாள் அவள்.

"என்ன படம்?"

"அந்த யன்னல்."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. விரலால் திரையில் எதையோ தொட்டான். யன்னலும் மலையும் பூச்சாடியும் ஒன்றாகப் போயின. அவனுக்குப் பின்னால் ஒரு இரண்டு தட்டுக் கட்டில் தெரிந்தது. கட்டில் கம்பியில் ஈர உடுப்புகள். மேல்தட்டில் யாரோ படுத்திருந்தார்கள், காலுறை போட்ட இரண்டு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கதிரையில்கூட இருக்கவில்லை. நிலத்தில் இருந்தான்.

அவள் நல்லாகப் பார்த்தாள். "இப்ப முட்டுது" என்றாள் மெதுவாக. பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

அவன் அழத் தொடங்கினான். நான் ரோல்சை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

மிச்சத்தை அவள் பிறகு சொன்னாள். ஊருக்கு வந்து திரும்பின கையோடு அவனுடைய விசா முடிந்துவிட்டது, அங்கே இருக்கக் கேட்டுப் போட்ட கேசையும் தள்ளிவிட்டார்கள். களவாக ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவுகிறான். அவளைக் கூப்பிடும் வழி அவனிடம் இல்லை, வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போகவும் முடியாது. ஊருக்கு வந்து நின்ற நாளிலேயே விசா முடியப்போவது தெரியுமாம், சொல்ல வாய் வரவில்லையாம். அவள் சண்டை பிடிக்கவில்லை. "வந்திடுங்கோ. இஞ்சை இருப்பம். நான் உழைக்கிறன்தானே" என்றாள். அவனும், "ஓம், வாறன்" என்றான்.

அதன்பிறகு அந்த 'வாறன்' தொடங்கியது. சித்திரை வருசத்துக்கு வாறன். சந்நிதித் திருவிழாவுக்கு வாறன். கடைக்காரன் ஆள் பிடித்ததும் வாறன். பஸ்சில் நான் கேட்பேன். "என்னவாம்?"

"வாறாராம்."

"முட்டுதோ?"

"விடுமப்பா. களைப்பாக் கிடக்கு" என்று கண்ணை மூடிக்கொள்வாள். பஸ்சில் அவள் கண்ணை மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

கடைசியில் அவளே கோட்டில் வழக்குப் போட்டு எழுத்தை வெட்டினாள். உறவுக்காரி ஒருத்தி, தாலி கட்டாமலே தாலி அறுத்தவள் என்று அவள் முகத்துக்கு முன்னாலேயே சொன்னாளாம். வெட்டிவிட்டு நேரே வேலைக்கு வந்து, மத்தியானம் ஒரு பால் விளம்பரத்தைச் செய்து முடித்தாள். பின்னேரம் பஸ்சில் மட்டும் ஒரு வசனம் சொன்னாள். "அவர் ஒருக்காலாவது வெட்டவேண்டாம் எண்டு சொல்லுவார் எண்டு பாத்தனான். சொல்லேல்லை." எனக்கு அந்த மனிசனைப் போய்க் கன்னத்தில் அறையவேண்டும்போல இருந்தது. அவன் நிலத்தில் இருந்து அழுததும் ஞாபகம் வந்தது. என்ன செய்ய.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, தாய்க்கு மறதி நோய் வந்தது. எல்லாம் மறந்தார். புருசன் செத்ததை மறந்தார், அடுப்பை அணைக்க மறந்தார். மாப்பிள்ளையை மட்டும் மறக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலமையும் எழும்பி, "மாப்பிள்ளை எப்ப வாறார் பிள்ளை? தாலிக்கு நாள் பாத்தாச்சோ?" என்று கேட்பாராம்.

"நீர் என்ன சொல்லுறனீர்?" என்று கேட்டேன்.

"உண்மையைத்தான். அவர் வரமாட்டார், எழுத்தை வெட்டியாச்சு எண்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் அவவுக்கு அது புதுசு. ஒவ்வொரு நாளும் புதுசா அழுறா." அதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் ஈரமே இல்லை, அலுப்பு மட்டும்தான்.

கொஞ்ச நாளில் வேலையை விட்டாள். தாயைத் தனியே விடமுடியாது. போகமுதல் என் கூறைச் சேலையை இரவல் கேட்டாள். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மடித்து, கற்பூரம் வைத்துத் திருப்பித் தந்தாள்.

போன ஆவணியில் சந்நிதிக்குப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். தாய் கூடத்தில் கட்டிலில் இருந்தார், நன்றாக மெலிந்துபோயிருந்தார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. என்னை யாரென்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துச் சுவரைக் காட்டினார்.

"சந்நிதியிலைதான் தாலி கட்டினது. நீ வந்தனியோ பிள்ளை?"

"ஓம் அம்மா, வந்தனான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சுவரில் பெரிய படம். ஆற்றங்கரை மணலில் அவளும் அவனும் மாலையோடு நின்றார்கள். கட்டியிருந்தது என் கூறை. கழுத்தில் தாலிக்கொடி. எழுத்து நாளன்று வேட்டியோடு எடுத்த படத்திலிருந்து அவனை எடுத்திருக்கவேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆற்றில் பட்டு வருகிற வெயில் இரண்டு பேர் முகத்திலும் ஒரே பக்கமாக விழுந்திருந்தது. அவள் சேலைத் தலைப்பை எந்தக் காற்று தூக்கியதோ அதே காற்று அவன் வேட்டிக் கரையையும் தூக்கியிருந்தது. மாலைப் பூவின் நிழல்கூட அவன் நெஞ்சில் சரியாக விழுந்தது. இவ்வளவு காலம் இந்த வேலை செய்கிற எனக்கே எங்கே வெட்டினாள், எங்கே ஒட்டினாள் என்று பிடிக்க முடியவில்லை.

பழக்கதோசம். காலைப் பார்த்தேன்.

அவளுடைய பாதம் ஈரமணலில் புதைந்திருந்தது, விரல்களுக்கு இடையில் மணல் ஒட்டியிருந்தது. அவனுடைய பாதத்துக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. நிழல் வைத்திருக்கவில்லை. அவன் நிற்கவில்லை.

ஒரு தேசிக்காய்த் துண்டை அப்படி விடமாட்டாதவள். ஆரோ ஒருத்தியின் மகனை மணிக்கணக்காக இருந்து நிலத்தில் நிறுத்திக் கொடுத்தவள். அவளுடைய கையில் இது தவறிப்போகாது.

"வடிவான சோடி, என்ன?" என்று கட்டிலிலிருந்து தாய் கேட்டார்.

"ஓம் அம்மா, நல்ல வடிவு."

திரும்பினேன். அவள் தேத்தண்ணியோடு நின்றாள். என் கண் எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டாள்.

"அம்மாவுக்கு அது தெரியாது" என்றாள். கோப்பையை என் கையில் தந்தாள். "ஆறமுதல் குடியும்."